எட்டு சலான், எல்லாம் கட்டியாச்சு, ஓட்டுவது மட்டும் மாறவில்லை: ஸ்கூல் வேன் டிரைவரின் லைசென்ஸை ரத்து செய்ய வைக்க வழி உண்டா?

தெற்குவீதி அம்மா:

எங்கள் பிள்ளைகள் போகும் ஸ்கூல் வேன் பற்றிய கேள்வி. வேன் பள்ளியுடையது அல்ல, ஒப்பந்தக்காரருடையது. மஞ்சள் போர்டு, முன்னும் பின்னும் பள்ளி வாகனம் என்று எழுதியிருக்கிறது. ஓட்டுவது எப்போதும் ஒரே டிரைவர்தான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்ததும் ஒப்பந்தக்காரர் பதிலுக்குப் போட்டது எட்டு இ-சலான் ரசீதுகளை! "எல்லாம் கட்டியாச்சு, எதுவும் பாக்கி இல்லை" என்று. பதினான்கு மாதத்தில் வேகம் நாலு, சிக்னல் தாண்டியது ரெண்டு, ஓட்டும்போது செல்போன் ஒன்று, ஒருவழிப் பாதையில் எதிரே வந்தது ஒன்று. இதுபோக, குடித்துவிட்டு ஓட்டியதற்குக் கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டிய பழைய வழக்கும் அவர் பெயரில் இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று. இத்தனை சலான் ஆனால் லைசென்ஸ் தானாக ரத்தாகிவிடாதா? ஆகாது என்றால் யாரிடம், எப்படி மனு கொடுப்பது? ரத்தான பிறகும் அவரே ஓட்டினால் யார் தடுப்பது?

பேட்ஜ் நம்பர்:

மேடம், அந்த எட்டு ரசீதையும் மறுபடி திறந்து மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். குற்றத்துக்கு எதிரே போட்டிருக்கும் பிரிவு, டிஎல் எண் (லைசென்ஸ் எண்) என்ற கட்டம், சலான் கேமராவில் வந்ததா நேரில் நிறுத்திப் போட்டதா என்பது. உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

டிஎல் கட்டம் காலி என்றால் அந்தக் குற்றம் வண்டியின் கணக்கில் ஏறியிருக்கிறது, டிரைவரின் கணக்கில் ஏறவில்லை. கேமரா படம் பிடிப்பது நம்பர் பிளேட்டை. சலான் போவது ஆர்.சி.யில் இருக்கும் உரிமையாளரின் செல்போனுக்கு. அவர் யுபிஐயில் கட்டிவிடுகிறார். டிரைவரின் லைசென்ஸ் பக்கம் அப்பழுக்கில்லாமல் அப்படியே இருக்கும். எட்டு என்ன, எண்பது சலான் வந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது பிரிவு. மோட்டார் வாகனச் சட்டம் 206(4)இன்படி, 183 (வேகம்), 184 (அபாயகரமாக ஓட்டுவது), 185 (போதை), 189 (பந்தயம்), 190 (பாதுகாப்பற்ற வண்டி), 194சி (டூவீலரில் மூன்று பேர்), 194டி (ஹெல்மெட்), 194இ (ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது) ஆகியவற்றில் காவல் அதிகாரி லைசென்ஸைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு, அனுப்ப வேண்டும். சிக்னல் தாண்டுவது, ஓட்டும்போது செல்போனைக் கையில் வைத்துப் பேசுவது, எதிர்த்திசையில் வருவது மூன்றையும் 2019 திருத்தம் 184க்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் நடைமுறையில் நிறைய சிக்னல் சலான்களில் 119 (போக்குவரத்துக் குறிகளுக்குக் கீழ்ப்படிவது) உடன் 177 என்று இருக்கும். 177 பொதுப் பிரிவு, முதல்முறை 500, அடுத்த முறை 1,500. போடுவதும் சுலபம், கட்டுவதும் சுலபம். 184 என்றால் செல்போன் தவிர மற்றவற்றுக்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது, கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் கை தானாக 177க்குப் போகிறது. 206(4) பட்டியலில் 177 இல்லை. ஆக, ஒரே சிக்னல், ஒரே தவறு, ஆனால் போட்ட பிரிவு மாறியதால் அது லைசென்ஸைத் தொடுவதே இல்லை.

"கட்டியாச்சு" என்ற வாதத்துக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி வழக்கை முடிப்பது, அதாவது சமரசம், பிரிவு 200. அதில் 2019இல் சேர்த்த வாசகத்தைப் படியுங்கள்: சமரசம் ஆன குற்றமும் அடுத்த முறை 'ஏற்கெனவே செய்தது' என்றே கணக்கில் எடுக்கப்படும், பணம் கட்டியதால் 206(4) நடவடிக்கையிலிருந்து விடுதலை கிடையாது. இந்த இரண்டு வரியை மனுவில் அப்படியே எழுதுங்கள். அலுவலகத்தில் "ஃபைன் க்ளோஸ் ஆயிடுச்சே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரியைப் பார்க்காதவர்கள்.

லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போய்ச் சேர்ந்தால் 19(1ஏ) வேலை செய்யும். முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு (அந்தக் காலத்தில் லைசென்ஸ் செல்லாது, ஓட்டக் கூடாது), இரண்டாவது அல்லது அதற்கு மேல் என்றால் உரிமம் ரத்து. இரண்டுக்குமே முன்னால் டிரைவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் சரியென்று பட்டால் விட்டுவிடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆகவே தானாக ரத்து என்பது கிடையாது. ஒரு மனிதர் கோப்பைத் திறந்து, நோட்டீஸ் அனுப்பி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போலீஸ் எதையும் அனுப்பாவிட்டாலும் ஆர்.டி.ஓ. சும்மா இருக்க வேண்டியதில்லை. 19(1)(டி) என்று ஒன்று இருக்கிறது: முந்தைய ஓட்டும் நடத்தையைப் பார்த்தால் இவர் ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் தகுதியிழப்போ ரத்தோ செய்யலாம். 19(1)(எஃப்) மத்திய மோட்டார் வாகன விதி 21ஐக் கைகாட்டுகிறது. அந்த விதியின் பட்டியலில் வேகம், போதை, ஓட்டும்போது செல்போன், கைகாட்டியும் நிறுத்தாமல் போவது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டும்தான்.

மாலைநேர வக்கீல்:

மேலே சொன்னது சரி. குடிபோதை வழக்கைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருப்பதிலேயே கனமான காகிதம் அதுதான்.

185 சமரசம் ஆகாத குற்றம், கோர்ட்டில்தான் முடியும். 10,000 என்பது முதல் குற்றத்துக்கான அபராதத் தொகை. அதாவது அவர் தண்டனை பெற்றவர், வெறும் சலான் கட்டியவர் அல்ல. 20(2)இன்படி 185இல் தண்டனை கொடுக்கும்போதே குறைந்தது ஆறு மாதம் தகுதியிழப்பு உத்தரவும் கோர்ட் போட வேண்டும். பல தீர்ப்புகளில் அபராதம் மட்டும்தான் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு வரிசையில் நூறு பேர் நிற்கும் நாளில் அது விட்டுப்போகிறது. உங்கள் டிரைவருக்கு அந்த உத்தரவு போடப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். போடப்பட்டிருந்து, அந்தக் காலத்தில் அவர் ஓட்டியிருந்தால் அது பிரிவு 182இல் தனிக் குற்றம்.

இரண்டாவது முறை 185இல் தண்டனையானால் கோர்ட்டே லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்கிறது 22(2). 'செய்யலாம்' அல்ல, 'வேண்டும்'. இருந்தும் மூன்றாவது முறை பிடிபட்டவர்கூட முதல் குற்றவாளிபோல 10,000 கட்டிவிட்டுப் போவது எப்படி? முந்தைய தண்டனை இருக்கிறது என்று அரசுத் தரப்பு எடுத்துச் சொல்லிக் காட்ட வேண்டும். பழைய வழக்கு வேறு ஸ்டேஷன், வேறு கோர்ட், சிலசமயம் வேறு லைசென்ஸ் எண். யாரும் தேடுவதில்லை. அதனால் மனுவில் "ஏற்கெனவே குடிபோதை வழக்கு உண்டு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். கோர்ட் பெயர், வழக்கு எண், ஆண்டு, தண்டனை தேதி, நான்கையும் எழுதுங்கள். வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மூன்றாம் நபரும் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம்.

சட்டமே தானாக நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு, பிரிவு 21. முன்பு 184இல் தண்டனை பெற்றவர்மேல், அபாயகரமாக ஓட்டி உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்படுத்தியதாக மறுபடி வழக்குப் பதிவானால், பதிவான நாளிலிருந்து ஆறு மாதம் லைசென்ஸ் நின்றுபோகும். 177 போட்டுச் சுலபமாக முடித்த சிக்னல் கேஸ்களின் உண்மையான விலை இதுதான். 184 தண்டனை என்ற முதல் படியே இல்லாததால் இரண்டாவது படியில் இந்தப் பிரிவு வேலை செய்யாது.

இன்னொன்று. ரத்து உத்தரவு வாங்குவதைவிட அது மேல்முறையீட்டில் நிற்பதுதான் கஷ்டம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கும் போவார்கள். எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து, விளக்கம் கேட்காமல் போட்ட உத்தரவுகள் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் நிற்காமல் போயிருக்கின்றன. வழக்கமான ஓட்டைகள் இவை: நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும், நோட்டீஸில் ஒரு பிரிவு, உத்தரவில் வேறு பிரிவு இருக்கும், அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பியிருப்பார்கள், காரணம் என்று ஒரு வரி இருக்காது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதே இருக்காது. ஆகவே உங்கள் மனு புலம்பலாக இல்லாமல், அந்த அதிகாரி உத்தரவில் எடுத்து எழுதக்கூடிய அட்டவணையாக இருக்கட்டும். தேதி, நேரம், இடம், பிரிவு, சலான் எண், யார் ஓட்டினார் என்பதற்கு ஆதாரம், ஆறு பத்தி போதும்.

மீட்டர் போடு:

எல்லாம் பேப்பரில் சரி. லைசென்ஸ் போனால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டப் போகிறார், அவ்வளவுதான். வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா அவருக்கு? மூணு மாதம் சும்மா உட்காரச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்.

பேட்ஜ் நம்பர்:

அண்ணே, தனி டிரைவர் சொந்த வண்டி ஓட்டினால் நீங்கள் சொல்வது நடக்கும். இங்கே வண்டிக்கு வேறொரு முதலாளி இருக்கிறார், பிடியே அவரிடம்தான் இருக்கிறது.

தகுதியிழந்த பின் ஓட்டினால் 182: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000, அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180: மூன்று மாதம் அல்லது 5,000 அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவரை வேக வரம்பு மீறி ஓட்ட வைத்தால் 183(2) முதலாளியைத் தனியாகப் பிடிக்கும். உரிமம் இல்லாமல் ஓட்டும் வண்டியை 207இல் நிறுத்திவைக்கலாம். வேன் பத்து நாள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றால் ஒப்பந்தக்காரருக்கு அபராதத்தைவிட அதுதான் வலிக்கும்.

இன்சூரன்ஸ் இன்னும் பெரிய பிடி. உரிமம் பறிக்கப்பட்டவர் ஓட்டும்போது விபத்து என்றால், பிரிவு 150இன் கீழ் கம்பெனி அதையே தற்காப்பாக எடுத்துவைக்கும். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் சொன்னால் முழுத் தொகையும் ஒப்பந்தக்காரர் தலையில் இறங்கும். "எனக்குத் தெரியாது" என்று அவர் தப்பிக்கக் கூடாதென்றால் பெற்றோர் கடிதம் அவருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் போயிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னோம் என்பது பிறகு உதவாது.

ஒரு சிக்கலை மறைக்க வேண்டாம். இப்போது டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் காட்டும் லைசென்ஸே செல்லும். பிளாஸ்டிக் கார்டைப் பிடுங்கி வைத்தும் பயனில்லை, சாரதி என்ற அரசின் லைசென்ஸ் கணினிப் பதிவில் நிறுத்திவைப்பு ஏறினால்தான் சாலையில் நிற்கும் போலீஸ்காரரின் கருவியில் தெரியும். உத்தரவு கையெழுத்தாகி, கணினியில் ஏறாமல் மேசையில் கிடப்பதும் உண்டு. உத்தரவு நகலோடு "சாரதியில் பதிவு செய்யப்பட்டதா" என்பதையும் கேளுங்கள்.

கார்டைக் கைப்பற்றும்போது தரும் தற்காலிக ஒப்புகைச் சீட்டை வைத்து ஓட்டலாம் என்று பல டிரைவர்கள் நம்புகிறார்கள். 206(4) நேர்மாறாகச் சொல்கிறது: லைசென்ஸ் திரும்ப வரும்வரை அந்தச் சீட்டு ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது.

காலை ஏழரை:

அக்கா, உரிம ரத்து மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளைகள் நாளைக் காலையும் அதே வேனில்தான் ஏறப் போகிறார்கள். அதனால் இரண்டு தடத்தில் போங்கள்: உரிமத்துக்கு ஆர்.டி.ஓ., பள்ளி வாகனத்திலிருந்து அவரை இறக்கப் பள்ளி. இரண்டாவதற்கு ரத்து உத்தரவே தேவையில்லை.

1997இல் எம்.சி. மேத்தா வழக்கில், டெல்லி போக்குவரத்து பற்றி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் பள்ளிப் பேருந்து டிரைவருக்குத் தனி அளவுகோல் வைத்தது. சிக்னல் தாண்டுவது, தடம் மாறுவது போன்றவற்றுக்கு ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் சலான் வாங்கியவரை வைக்கக் கூடாது. வேகம், போதை, அபாயகரமாக ஓட்டுவது ஆகியவற்றில் ஒரே ஒரு சலான் இருந்தாலும் வைக்கக் கூடாது. டெல்லிக்கான உத்தரவுதான், ஆனால் பள்ளி வாகனப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் நாடு முழுக்க இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். உங்கள் டிரைவர் நாலு வேக சலானோடு இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

தமிழ்நாட்டில் 2012இல் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் அடித்தள ஓட்டை வழியாகச் சிறுமி விழுந்து இறந்த பிறகு வந்தவை. பள்ளி நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்த விதிகளைக் குறிப்பிட்டு, வேன் அவற்றின் கீழ் வருகிறதா, டிரைவர் விவரம் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். "வேன் எங்களுடையது இல்லை" என்று பதில் வந்தால் அதையும் எழுத்திலேயே வாங்குங்கள். பள்ளியின் பெயர் வண்டியில் இருக்கும்போது அந்தப் பதில் கலெக்டர் முன்னால் நல்ல சாட்சி ஆகும்.

மே மாதம் பள்ளி திறக்கும் முன் ஆர்.டி.ஓ., போலீஸ், கல்வித் துறை சேர்ந்து மைதானத்தில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். அவசர வழி திறக்கிறதா, தீயணைப்பான் தேதி தாண்டியதா, படிக்கட்டு உயரம் என்ன என்று பார்ப்பார்கள். டிரைவருக்குக் கண் பரிசோதனை நடக்கும். அவருடைய சலான் வரலாற்றை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. மனுவை ஏப்ரலிலேயே கொடுத்து, சோதனையின்போது இந்த வண்டியின் டிரைவர் உரிம விவரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தெற்குவீதி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ரசீதுகளைப் பார்த்தேன். டிஎல் எண் இருப்பது இரண்டில் மட்டும்: செல்போன் (184), ஒருவழிப் பாதை (177). நாலு வேக சலானும் கேமரா, 183. சிக்னல் இரண்டும் 177. வேக சலான்களில் ஓட்டியவர் இவர்தான் என்று எப்படிக் காட்டுவது? வீடியோ எடுத்தால் ஏற்பார்களா?

மாலைநேர வக்கீல்:

பிரிவு 133க்குப் போங்கள். அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால், குற்றம் சாட்டப்பட்ட டிரைவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரத்தை உரிமையாளர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் 187: முதல்முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 அல்லது இரண்டும். ஆகவே உங்கள் மனுவின் முதல் கோரிக்கை "லைசென்ஸை ரத்து செய்க" என்பதல்ல. "இந்த நாலு சலானிலும் 133இன்படி உரிமையாளரிடம் டிரைவர் விவரம் பெற்று, 206(4)இன்படி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புக" என்பதுதான். இது போக்குவரத்துப் போலீஸுக்கு. வேகத்தில் இரண்டாவது குற்றத்திலிருந்து லைசென்ஸைக் கைப்பற்ற வேண்டும் என்று 183(1) தனியாகவே சொல்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். உள்ளே ஒரே டிரைவர்தான் என்று வேனின் வருகைப் பதிவேடோ உதவியாளர் அம்மாவின் வாக்குமூலமோ காட்டினால் ஒப்பந்தக்காரர் வேறு பெயரைச் சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது மனு ஆர்.டி.ஓ.வுக்கு: 19(1)(டி), 19(1)(எஃப்), விதி 21. இணைப்பாக டிஎல் எண் உள்ள செல்போன் சலான், 185 தீர்ப்பு நகல். இந்த இரண்டுமே நோட்டீஸ் அனுப்பப் போதுமானவை. 177 ரசீதுகளைப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் கோப்பு இளைத்துப்போகும்.

வீடியோ பயன்படும், வெட்டி ஒட்டாமல் இருந்தால். நம்பர் பிளேட், டிரைவரின் முகம், இடத்தைக் காட்டும் ஒரு கடைப் பலகை, மூன்றும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி அல்ல, எடுத்த போனில் இருக்கும் மூலக் கோப்பு. கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63இன்படிச் சான்றிதழ் தேவைப்படும், ஆகவே அந்த போனை விற்றுவிடாதீர்கள். கடை சிசிடிவி என்றால் உடனே கேட்டு வாங்குங்கள், பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். டிரைவரின் படத்தைக் குழுவில் பரப்ப வேண்டாம், அது உங்கள்மேல் திரும்பும்.

பேட்ஜ் நம்பர்:

லைசென்ஸ் எண்ணின் முதல் நாலு எழுத்தைப் பாருங்கள் மேடம். டிஎன் 45 என்றால் திருச்சி, டிஎன் 58 என்றால் மதுரை தெற்கு, இப்படி. அது முதலில் வழங்கிய அலுவலகம். இப்போது வேறு மாவட்டத்தில் விலாசம் மாற்றியிருந்தால் கோப்பு அங்கே இருக்கும். தவறான ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுத்த மனு "உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியோடு மூன்று மாதம் பயணம் செய்யும். செல்போன் சலானில் இருக்கும் டிஎல் எண்ணையே எடுத்துக்கொண்டு கவுன்டரில் தற்போதைய அலுவலகம் எது என்று மட்டும் கேளுங்கள். முழு விவரம் தரமாட்டார்கள், அது சொல்வார்கள்.

கையில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை. ஸ்டேஷனில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண். முப்பது நாள் கழித்தும் அசைவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை விண்ணப்பம். அதில் "டிரைவரின் குற்ற வரலாறு தருக" என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) காட்டித் திருப்பிவிடுவார்கள். "இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள என் மனுமீது 19இன்கீழ் நோட்டீஸ் அனுப்பப்பட்டதா, அனுப்பிய தேதி என்ன, கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது" என்று கேளுங்கள்.